கரியாஹாட்டில் நிற்கும் வண்டி

நான் கல்கத்தாவில் வந்து விழுந்ததற்கு டைபாய்டு காரணம். இங்கேயே தங்கிவிட்டதற்கு ஒரு மோட்டார் சைக்கிள் காரணம். இரண்டில் டைபாய்டுதான் சீக்கிரம் குணமானது.

திருச்செங்கோட்டு போர்வெல் லாரி ஒன்றில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவன் நான். பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்பின் பாதியில் விட்டுவிட்டு அதில் ஏறினேன். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று பூமியில் துளை போட்டுக்கொண்டே வந்தோம். இந்த ஊருக்கு அருகே காய்ச்சல் கண்டது. ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், ஏற்கெனவே ஒருவர் படுத்திருந்த கட்டிலில் என்னையும் படுக்க வைத்துவிட்டு லாரி போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மழைக்கு முன்னால் போட வேண்டிய துளைகள் நிறைய இருந்தன. எழுந்து நடமாட முடிந்ததும் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு டிபன் கடையில் மாவாட்டினேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டேன். ஒரு வருடத்தில் கடையை மூடி அங்கே மொபைல் கடை வைத்தார்கள். நான் ஏரிக்கரைக்குக் குடிபோனேன்.

அந்த டிபன் கடைக்குத் தினமும் காலையில் இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட வந்துகொண்டிருந்தவர்தான் சார். பாங்க்கில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கல்கத்தா. வீட்டுக்குள் தமிழ், வாசலில் வங்காளம், கோபம் வந்தால் இங்கிலீஷ். ஏரிக்கரையில் வாக்கிங் போனவர் என்னைப் பார்த்து நின்றார்.

"நீ போர்வெல் லாரியில இருந்தவன்தானே? இன்ஜின் தெரியுமா?"

"தெரியுமுங்க."

எனக்குத் தெரிந்தது டீசல் கம்ப்ரஸர். பெட்ரோல் இன்ஜினை அதனுடைய தம்பி என்று நினைத்துக்கொண்டேன். அன்று மத்தியானமே லேக் கார்டன்ஸில் அவர் வீட்டுக் கார் ஷெட்டில் எனக்கு ஒரு பாய் விரிக்கப்பட்டது. பாய்க்கு அந்தப் பக்கம் அந்த வண்டி இருந்தது.

வெள்ளைக்காரன் செய்த ஒற்றை சிலிண்டர் வண்டி. சாரைவிட இரண்டு வயது மூத்தது. பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் மாடிப்படிக்கு அடியில், துடைப்பங்களைச் சாய்த்து வைக்கப் பயன்பட்டு வந்ததை சார் கண்டுபிடித்து டெம்போவில் ஏற்றி வந்திருந்தார். முப்பத்தைந்து வருடம் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் ஆபீஸ் போன மனிதர். அதற்கு முன் எந்த மோட்டார் சைக்கிளையும் தொட்டதில்லை. ரிட்டயரானவர்களில் சிலர் பகவத் கீதை வகுப்புக்குப் போகிறார்கள். சார் பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார். இரண்டிலும் பெரும்பாலும் உட்கார்ந்து கேட்பதுதான் வேலை.

என்னை ஷெட்டில் வைத்ததில் அவருடைய மனைவிக்குச் சம்மதமில்லை. மாமி அதை மறைக்கவும் இல்லை. என்னை முன்னால் வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"ஜனவரியில அந்தப் பழைய வண்டி ராலி வரது இல்லையா, அது வரைக்கும் பொறுத்துப்பேன். கிளம்பின இடத்துலேர்ந்து முடியற இடம் வரைக்கும் வண்டி தானா ஓடணும். நடுவுல டெம்போவுல ஏத்தினேள்னா அதே டெம்போ நேரா காயலான் கடைக்குப் போகும். ஷெட்டைக் கீழாத்துக்காரர் காருக்குக் கேட்டுண்டே இருக்கார், அவருக்குக் குடுத்துடுவேன்."

"ஓடினா?" என்றார் சார்.

"ஓடினா வெச்சுக்கோங்கோ. ஓடற வண்டிக்கு ஒரு ஆளும் வேணும். இவன் இருந்துட்டுப் போகட்டும்."

ஆக வண்டி ஓடினால் எனக்குக் கூரை. ஓடாவிட்டால் இல்லை. இதைவிடத் தெளிவான வேலை உத்தரவை நான் எங்கேயும் வாங்கியதில்லை.

வண்டியைக் கழற்றுவது சுலபமாக இருந்தது. துரு பிடித்த வண்டி கழற்றுவதற்குள் தானாகவே பாதி விழுந்துவிடும். சேர்ப்பதுதான் நாள் பிடித்தது. காரணம் சங்கத்தின் செயலாளர். அவரை எல்லோரும் அண்ணன் என்ற அர்த்தத்தில் தாதா என்பார்கள். நல்ல உயரம், வெள்ளை மீசை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. வியாழக்கிழமைதோறும் வந்து ஷெட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் மாட்டிய ஒவ்வொரு திருகையும் பார்த்து, "இது ஒரிஜினல் இல்லை" என்று வருத்தப்படுவார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தக்காரர்கள் வருத்தப்படுவது போல இருக்கும். பிறகு மாமியின் காபி இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போவார்.

ஒரிஜினல் பாகங்கள் தேடி, பழைய உதிரிகள் விற்கும் சந்து ஒன்றுக்குச் சாரும் நானும் போனோம். கடைக்காரரிடம் ஒரு பிரேக் லீவர் கேட்டோம்.

"எத்தனை வருஷப் பழசு வேணும்?" என்றார் அவர்.

"புரியலை" என்றார் சார்.

"அம்பது வருஷம்னா செவ்வாய்க்கிழமை வாங்க. எழுபது வருஷம்னா இன்னும் ஒரு வாரம் ஆகும். உப்புத் தண்ணியில கூடுதலா ஊறணும்."

சார் எழுபதுக்குச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வியாழக்கிழமை தாதா அந்த லீவரைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, "இப்போ இது ஒரிஜினல்" என்றார். அந்த வண்டியில் மெய்யாகவே பழையதாக மிஞ்சியது பெட்ரோல் டேங்க்கும் அதன் மூடியும்தான்.

இன்ஜினைத் திறந்து பார்க்க பவானிபூரில் ஒரு மிஸ்திரி. கைகாரர். ஆனால் அவருக்கு ஒரே ஒரு தவணைதான் தெரியும். "பூஜோர் பொரே." பூஜைக்குப் பிறகு. எந்த பூஜை என்று கேட்கக் கூடாது. செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை. அன்று ஸ்பானர்களையெல்லாம் கழுவிச் சாமி முன்னால் அடுக்கிவிட்டு மிஸ்திரி மொட்டைமாடியில் பட்டம் விடுவார். கருவிகளை அன்று தொட்டால் பாவம். மறுநாள் தொட்டால் களைப்பு. அதற்குள் துர்கா பூஜைக்குத் துணி எடுக்க வேண்டும். துர்கா பூஜை முடிந்தால் லட்சுமி பூஜை, பிறகு காளி பூஜை. அது முடிந்த கையோடு அக்கா தங்கைகள் சகோதரர்களின் நெற்றியில் பொட்டு வைத்து விருந்து போடும் நாள். மிஸ்திரிக்கு நான்கு அக்கா. எங்கள் இன்ஜின், பூஜைகளுக்கு நடுவே கிடைத்த சந்துகளில்தான் சேர்ந்தது.

இது போதாதென்று நடுவில் எங்கள் பூஜையும் வந்தது. ஊரே துர்கா பந்தல்களில் நவமி கொண்டாடும் நாளில் தமிழ் வீடுகளில் ஆயுத பூஜை. மாமி கத்தி, அரிவாள்மணை, மிக்ஸி, சாரின் லாப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"வண்டிக்கு நீயே வெச்சுடு."

சார் பின்னாலேயே ஓடி வந்தார். "பெயிண்ட் மேல வெக்காதே. நேத்துதான் காஞ்சிருக்கு. தங்கக் கோடெல்லாம் போட்டிருக்கான்."

பெயிண்ட் இல்லாத இடமாகத் தேடித் தேடி வைத்தேன். ஹாண்டில் பாரில் இரண்டு, விளக்கு வளையத்தில் ஒன்று. டேங்க் மூடியின் நட்ட நடுவில் ஒரு சின்னக் குழி இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே வெள்ளைக்காரன் விட்டுவைத்தது போல அவ்வளவு கச்சிதம். கட்டை விரலால் நல்ல கெட்டியாகச் சந்தனத்தை அழுத்தி, மேலே குங்குமமும் வைத்தேன். மாமி எட்டிப் பார்த்து, "பாந்தமா இருக்கு" என்றார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

இரண்டு நாள் கழித்து, இந்த ஊர் ஈரத்துக்குத் துரு ஏறாமலிருக்க உலோகப் பாகங்களுக்கெல்லாம் நிறமில்லாத வார்னிஷ் அடிக்கப் பெயிண்டர் வந்தான். பக்திமான். பூஜைப் பொட்டைத் துடைக்க மாட்டேன் என்றான். நானும் மாட்டேன் என்றேன். விஜயதசமி கழிந்துவிட்டால் துடைக்கலாமா கூடாதா என்பதைச் சார் மாமியிடம் கேட்கப் போனார். மாமி கோயிலுக்குப் போயிருந்தார். பெயிண்டர் பொட்டுகளின் மேலேயே வார்னிஷ் அடித்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனான்.

நவம்பர் கடைசியில் இன்ஜின் உயிர் பெற்றது. முதல் உதையில் இல்லை. நாற்பதாவது உதையிலோ என்னவோ. சார் கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது, எனக்குப் புகையால். அதற்குள் சார், கல்யாணமாகி அடுத்த தெருவில் இருக்கும் தன் மகளின் ஸ்கூட்டரில் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசன்சும் எடுத்திருந்தார். மறு ஞாயிறு சார் ஓட்ட, நான் பின்னால் உட்கார, வண்டி வீட்டை விட்டுக் கிளம்பியது. ஏரியைச் சுற்றிக்கொண்டு ராஜா போலப் போய் கரியாஹாட் முனையில், நடு ரோட்டில், நின்றது.

அதற்கப்புறம் எந்த ஞாயிறும் அதைத் தாண்டவில்லை. மூன்று கிலோமீட்டர், கரியாஹாட், நின்றுவிடும். தெருவோரக் கடைகளுக்கு நடுவே வண்டி நின்றால் இந்த ஊரில் யாரும் திட்ட மாட்டார்கள். வைத்தியம் சொல்ல வருவார்கள்.

"காகு, ப்ளக்கைக் கழட்டிப் பாருங்க" என்றார் புடவைக் கடைக்காரர். காகு என்றால் சித்தப்பா.

"ப்ளக்காவது ஒண்ணாவது. காயில் சூடாயிருக்கு. எங்க மாமா வண்டி இப்படித்தான்" என்றார் டீக்கடைக்காரர்.

"உங்க மாமாகிட்ட ஏது வண்டி? அவர் ஓட்டினது ரிக்‌ஷா."

"ரிக்‌ஷாவுக்கு அப்புறம் வாங்கினதைச் சொல்றேன்."

பஸ் படியில் தொங்கிய கண்டக்டர் குனிந்து, "தாது, ஒரு டிக்கெட் போடட்டுமா? வண்டிக்கு அரை டிக்கெட்" என்றான். தாது என்றால் தாத்தா. சாருக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது.

ஒவ்வொரு தடவையும் நடந்தது இதுதான். யாராவது ஒரு காரணம் சொல்வார்கள். சார் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். இருக்கும். மூடுவார். நான் உதைப்பேன். வண்டி கிளம்பி வீடு வரை வந்துவிடும். கடைசியாகக் காரணம் சொன்னவருக்குப் பெருமை சேரும். அவர் சொன்ன பாகத்தை அந்த வாரமே சார் மாற்றுவார். இப்படிப் புடவைக் கடைக்காரரின் ப்ளக்கும், டீக்கடைக்காரரின் காயிலும், வழியில் போன ஒரு ஹோமியோபதி டாக்டரின் கார்புரேட்டரும் மாறின. பவானிபூர் மிஸ்திரி மூன்று தடவை இன்ஜினைத் திறந்து மூடி, கடைசியில் "வண்டிக்குக் கரியாஹாட் பிடிச்சுப் போச்சு" என்றார். மாமி காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். கீழ் வீட்டுக்காரர் ஒரு நாள் டேப் கொண்டுவந்து, என் பாயைக் கொஞ்சம் சுருட்டச் சொல்லிவிட்டு ஷெட்டின் நீளத்தை அளந்துகொண்டு போனார். மரியாதையானவர். அளந்த பிறகு பாயைத் தானே விரித்துவிட்டார்.

ராலி நாள் வந்தது. ஞாயிறு காலை, நல்ல குளிர். பதினைந்து கிலோமீட்டர் ஓட்டம். ரோட்டை ஒரு பக்கம் எங்களுக்காக அடைத்திருந்தார்கள். அந்தக் காலத்து உடை கட்டாயம் என்பது சங்கத்தின் விதி. சார் வெள்ளை பேண்ட், டை, தக்கைத் தொப்பி, வாயில் பற்றவைக்காத பைப் என்று வந்தார். அவருடைய தாத்தா வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து, துரையின் வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக நடந்தவர் என்று மாமி சொல்லியிருக்கிறார். பேரன் துரையாகவே வந்துவிட்டார்.

"உன் தாத்தா காலத்து உடை என்ன?" என்று என்னைக் கேட்டார் தாதா.

"கோவணமுங்க."

அது குளிருக்கு ஆகாது என்று காக்கி உடையும் தலைப்பாகையும் கொடுத்து என்னை ஆர்டர்லி ஆக்கினார்கள். அங்கே துரைகள் ஐம்பது பேர் இருந்தார்கள். ஆர்டர்லி நான் ஒருவன்தான்.

கிளம்புவதற்கு முன் பரிசோதனை. தாதாதான் நடுவர். பூதக்கண்ணாடியோடு முன் சக்கரத்திலிருந்து வந்தவர் டேங்க் மூடியில் நின்றுவிட்டார். வார்னிஷுக்கு அடியில் மஞ்சளும் சிவப்புமாக உறைந்திருந்ததை நெடுநேரம் பார்த்தார். இன்னும் இரண்டு துரைகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதுதான் காலத்தின் நிறம். இதைக் கடையில வாங்க முடியாது. எழுபது வருஷம் காத்திருக்கணும். முடிவிடத்துல மறுபடி பார்ப்பேன். துணி படக் கூடாது, நகம் படக் கூடாது."

சார் பைப்பைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். மூன்று மாதம்கூட ஆகாத சந்தனம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் எழுபது வயதில் முதல் தடவையாக ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பாராட்டும்போது யார்தான் திருத்துவார்கள்.

மூன்றாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது. கரியாஹாட் அங்கே இல்லாவிட்டாலும் அதற்கு ஞாபகம் இருந்தது. பின்னால் ராலியின் டெம்போ, நின்றுபோகும் வண்டிகளை ஏற்றிக்கொள்ள மெதுவாக வந்துகொண்டிருந்தது. சார் வழக்கம்போல மூடியைத் திருகினார்.

உஸ் என்று ஒரு சத்தம். சோடா பாட்டில் திறப்பது போல.

கரியாஹாட் இரைச்சலில் இது என் காதில் விழுந்ததே இல்லை. அன்று ரோடு அடைத்திருந்ததால் விழுந்தது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக இறங்காது, காற்றுப் போக எதிர்ப்பக்கம் இன்னொன்று போட வேண்டும் என்பது மாவாட்டியவனுக்குத் தெரியும். அந்தக் குழி பொட்டு வைக்க விட்ட குழி இல்லை. டேங்க் மூச்சுவிடும் துளை. அதைச் சந்தனத்தால் அடைத்தது என் கட்டை விரல். வார்னிஷுக்கு அடியில் ரேகைகூடத் தெரிந்தது. மூடியைத் திறந்த ஒவ்வொரு தடவையும் உள்ளே காற்றுப் போய் வண்டி மூன்று கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ப்ளக், காயில், கார்புரேட்டர் எல்லாம் நிரபராதிகள்.

என் பையில் ஒரு ஆணி இருந்தது. ஒரே குத்து போதும். ஆனால் குத்தினால் காலத்தின் நிறம் உதிர்ந்துவிடும், முடிவிடத்தில் தாதா காத்திருக்கிறார். குத்தாவிட்டால் டெம்போ. டெம்போ என்றால் கீழ் வீட்டுக்காரர்.

"என்னப்பா காரணம் இருக்கும்?" என்றார் சார். சொல்ல அங்கே புடவைக் கடைக்காரர் இல்லை.

"பெட்ரோல் கொஞ்சம் அலம்புதுங்க. நீங்க ஓட்டுங்க சார், நான் பின்னாடியிருந்து அப்பப்ப மூடியைப் பாத்துக்கறனுங்க."

அப்படியே செய்தேன். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு தடவை, பின்னாலிருந்து சாரின் இடுப்பைச் சுற்றிக் கையை நீட்டி மூடியை ஒரு திருகு திருகி, உஸ் என்றதும் மூடுவேன். ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு ஓர் ஆர்டர்லி தன் துரையை அடிக்கடி கட்டிப்பிடிப்பதாகத் தெரிந்திருக்கும். சிலர் கை தட்டினார்கள். திருகும்போதெல்லாம் கொஞ்சம் பெட்ரோல் துள்ளிச் சாரின் வெள்ளை பேண்ட்டில் விழுந்தது. பைப்பைப் பற்றவைக்காதது எங்கள் இரண்டு பேருடைய பாக்கியம். டெம்போ கடைசி வரை பின்னாலேயே வந்தது. ஏமாற்றத்தோடு திரும்பிப் போனது.

கடைசிக்கு முந்தைய இடத்தில் முடித்தோம். தாதா முதலில் மூடியைத்தான் பார்த்தார். குறையில்லை. "இயற்கையாக முதிர்ந்த மேற்பரப்புக்கு" என்று அச்சடித்த ஒரு கோப்பையைச் சாரிடம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சார் கோப்பையை ஹாலில் வைத்துவிட்டு, பெட்ரோல் வாடை போகக் குளிக்கப் போனார்.

மாமி சமையலறை வாசலில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். கூரை எனக்கு உறுதியாகிவிட்டது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மாமி, ஒண்ணு சொல்லணுமுங்க. வண்டியில எதுவுமே கெட்டுப்போகலீங்க. ஆயுத பூஜைக்கு நான் மூடியில வெச்ச சந்தனந்தான் ஓட்டையை அடச்சிருக்குது. அதனாலதான் மூணு கிலோமீட்டர்ல நிக்குது."

மாமி உரிப்பதை நிறுத்தவில்லை. "அவருக்குத் தெரியுமோ?"

"இல்லீங்க. ஆணியால ஒரு குத்துக் குத்தினா சரியாப் போயிரும்."

"சரியாப் போனா எவ்வளவு தூரம் போகும்?"

"டேங்க் தீர்ற வரைக்குமுங்க. திகா வரைக்கும் போலாம். கடலே பாத்துட்டு வரலாம்."

"திகாவா." மாமி ஒரு பட்டாணியைத் தரையிலிருந்து எடுத்துப் பாத்திரத்தில் போட்டார். "போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை வெச்சுண்டு போன்ல திகாவுக்கு வழி பாத்துண்டிருந்தார். லாரியும் பஸ்ஸும் போற ரோடு. எழுபது வயசு. கண்ணுல புரை ஆபரேஷன் ஆயிருக்கு."

நான் பையிலிருந்த ஆணியை எடுத்துக் காட்டினேன்.

"நீ குத்தாதே."

"சார்கிட்ட சொல்ல வேண்டாமுங்களா?"

"அவர் உன்னைக் கேட்டாரா?"

"என்ன காரணம் இருக்கும்னு கேட்டாருங்க."

"அதை அவர் எல்லாரையும் கேக்கறார். கரியாஹாட் வரைக்கும் போகட்டும். அங்கே நின்னா டீ கிடைக்கும், நாலு பேர் பேசுவா, ஆட்டோ இருக்கு. திகா ரோட்ல நின்னா என்ன இருக்கு? நீ மட்டும் கூடப் போகாம விட்டுடாதே." பாத்திரத்தைக் குலுக்கிச் சமன் செய்தார். "ஷெட்டுல வெயிலுக்கு எப்படிப் படுத்துக்கறே?"

"படுத்துக்கறனுங்க."

"தகரக் கூரை. ஒரு ஃபேன் மாட்டச் சொல்றேன்."

மார்ச் முதல் வாரம் ஃபேன் வந்தது. நல்ல காற்று. இப்போதும் ஞாயிறுதோறும் போகிறோம். மூடியைத் தொட வேண்டாம், தாதா கோபித்துக்கொள்வார் என்று சார் என்னைத் தடுத்துவிட்டார். கரியாஹாட்டில் நின்றபின் அவரே திறந்து பார்க்கிறார். சங்கத்தில் அவருக்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்கள் அந்த மூடியைப் பார்க்க வருகிறார்கள். போன வாரம் புடவைக் கடைக்காரர் பிஸ்டனை மாற்றிப் பார்க்கச் சொன்னார். சார் சந்துக் கடையில் எழுபது வருஷத்துப் பிஸ்டனுக்குச் சொல்லிவிட்டு வந்து, "இந்தத் தடவை பிடிச்சுட்டோம்ப்பா, இது மாறினா திகாதான்" என்றார்.

"ஆமாங்க சார்" என்றேன்.

பிஸ்டன் ஊறி வந்ததும் மாட்டப்போவது நான்தான். கூசத்தான் செய்கிறது. ஃபேனை இரண்டில் வைத்தால் கொஞ்சம் தணிகிறது.